கால்விரலில் எழுதிய கிழமைகள்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது கூடத்தின் வெள்ளைத் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி. நாணயத்தைவிடச் சிறியது, ஒரு பக்கம் லேசாக இழுபட்டிருந்தது. காபி டம்ளரோடு குனிந்து பார்த்தேன். ஓர் எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

ஒரு தமிழ் நாளிதழின் புதுச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் நிருபர். மீதிக் காலம் மற்ற நிருபர்கள் எழுதியதைத் திருத்துகிறவன். தரையில் ரத்தத்தைப் பார்த்தால் அலற மாட்டேன். எங்கே தொடங்கியது என்று பார்ப்பேன். பார்த்தேன். புள்ளிகள் வாசலில் தொடங்கிச் சமையலறைக்குப் போய், அங்கிருந்து திரும்பிக் கூடத்துக்கு வந்திருந்தன. பூனை எலியைக் கவ்விக்கொண்டு போயிருக்கலாம் என்பது முதல் ஊகம். ஆனால் அடுப்புக்கு முன்னால் புள்ளி பெரிதாக இருந்தது. பூனை அங்கே பால் காயும்வரை நின்றிருக்காது. காய் நறுக்கும்போது மனைவி கையை வெட்டிக்கொண்டிருக்கலாம் என்பது இரண்டாவது ஊகம். குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"கைய வெட்டிக்கினியா?"

"நான் குளிச்சிக்கினு இருக்கேங்க. இன்னா ஆச்சு?"

"கூடமெல்லாம் ரத்தம்."

ஈரத் தலையோடு வெளியே வந்தவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"இந்தத் தடம் எங்க போயி முடியுதுன்னு பாத்தீங்களா?"

அது என் இடது காலுக்கு அடியில் முடிந்தது.

வாசலில் கழற்றிப் போட்ட ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு கருங்கல் ஜல்லி விழுந்தது. கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில் எங்கள் தெருமுனையில் பள்ளம் தோண்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள். அந்தக் கல்லோடுதான் காந்தி சிலைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டாவது விரலின் அடியில் சதை பிய்ந்திருந்தது. வலி என்று ஒன்று வரவே இல்லை. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக என் பாதங்களில் குடியிருக்கிறது. வாடகையாக முதலில் எடுத்துக்கொண்டது உணர்ச்சியை.

"ஊர்ல எவன் வீட்டுல இன்னா நடந்தாலும் உங்களுக்குத் தெரியும்," என்றாள் மனைவி, பஞ்சை எடுத்தபடி. "சொந்தக் காலுல கல்லு குத்துனது மட்டும் தெரியல."

அந்தக் காயம் ஆறவில்லை. கட்டுப் போட்டோம், மாத்திரை போட்டேன், நடையை நிறுத்தினேன். விரல் நுனி ஊதா நிறமாகி, பிறகு கறுக்கத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. தினமும் காலையில் கட்டை மாற்றும்போது, கறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று அழியாத மையுள்ள கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பக்கத்திலேயே கிழமையின் முதல் எழுத்து: தி, செ, பு, வி, வெ. விரலில் இடம் போதாமல் போனபோது எழுத்துகள் புறங்காலுக்கு ஏறின. நாற்பது வயதிலிருந்து மற்றவர்களின் தாளில் கோடு போட்டவன் தன் காலில் போட இடம் கிடைத்தால் விடுவானா?

"இன்னாங்க இது, காலுக்கு ப்ரூஃப் பாக்குறீங்களா?"

"டாக்டருக்கு உபயோகப்படும்."

டாக்டருக்கு உபயோகப்படவில்லை. அவர் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். என் மகள் வயதுதான் இருக்கும். கோடுகளைப் பார்த்து, "யாரு சார் போட்டது?" என்று கேட்டார். "நான்தான்," என்றேன், பாராட்டுக்குக் காத்திருந்த குரலில். "ஓ," என்று சொல்லிவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார்.

கேள்வி ஒன்றே ஒன்று என்று விளக்கினார். விரலுக்கு ரத்தம் போகிறதா, இல்லையா? போனால் காயத்தை ஆற்றிப் பார்க்கலாம், விரல் இருக்கும். போகவில்லை என்றால் எடுக்க வேண்டும். தாமதித்தால் பக்கத்து விரல்களும் போகும்.

கணுக்காலில் பட்டை கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்திருந்தார்கள். எண் நன்றாக இருந்தது. எனக்கு முகம் மலர்ந்தது.

"அதான் சார் பிரச்சினை," என்றார் மருத்துவர். "உங்க ரத்தக்குழாயெல்லாம் உப்புத்தண்ணி பைப்பு மாதிரி உள்ள சுண்ணாம்பு புடிச்சி கெட்டியா இருக்கு. பட்டைய எவ்ளோ அழுத்துனாலும் அமுங்காது. அதனால எண்ணு நல்லாதான் வரும். அத நம்ப முடியாது."

சாய மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கலாம். ஆனால் என் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று அவருக்குத் தயக்கம். கடைசியில் ஒன்று சொன்னார். அதே கட்டடத்தின் மாடியில் ஒரு ஆராய்ச்சிக் குழு வெளிச்சத்தாலும் சத்தத்தாலும் ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் கருவி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. ஊசி இல்லை, மருந்து இல்லை. "இத மட்டும் வெச்சி நான் முடிவு பண்ண மாட்டேன். மத்த டெஸ்டோட சேத்து வெச்சிப் பாப்பேன். உங்களுக்கு இஷ்டம்னா போலாம்."

இஷ்டம் இல்லாமலா? வெளிச்சமும் சத்தமும் என்று கேட்டதுமே கட்டுரையின் முதல் பத்தி எனக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

போவதற்கு முன் காலைச் சுத்தம் செய்தேன். கிறுக்கிய காலோடு விஞ்ஞானிகள் முன்னால் நிற்க வெட்கம். தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"சரியா போவல. பொண்ணு வெச்சிட்டுப் போன நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கு, அதப் போடுறேன்."

"அந்த நாத்தத்தோட போவச் சொல்றியா? கண்ணுக்குத் தெரியல, போதும்."

கண்ணுக்கு உண்மையாகவே தெரியவில்லை. என் தோலின் நிறம் அப்படி. பாதத்தின் வெடிப்புகளும் அப்படி.

மாடியில் அந்த அறை சின்னதாக, குளிர்ச்சியாக இருந்தது. கருவியை இயக்கிய ஆராய்ச்சி மாணவி எனக்கும் மனைவிக்கும் அடர்ந்த நிறத்தில் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டதும் மனைவி, கண் ஆபரேஷன் முடிந்து கும்பலாக வேனில் திரும்புகிறவர்களைப் போல இருந்தாள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், எனக்குத் தெரியவில்லை.

"கால்ல மருதாணி, பச்சை குத்துனது, சாயம் எதனா இருக்கா சார்?"

"இந்த வயசுல மருதாணியாம்மா?" என்று சிரித்தேன்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பேட்டி எடுத்துப் பழகியவனின் வேகம். "இது எப்படி வேலை செய்யுது?"

மாணவி என் காலில் வழவழப்பான பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "வெளிச்சத்த துடிப்புத் துடிப்பா உள்ள அனுப்புறோம் சார். ரத்தம் அத உள்ள இழுத்துக்கும். இழுத்ததும் துளியூண்டு சூடாகி உப்பும். உப்புறப்ப ஒரு சத்தம் வரும். நமக்குக் கேக்காது, இந்தக் கருவிக்குக் கேக்கும். சத்தம் எங்கேருந்து வருதுன்னு கணக்குப் போட்டா அங்க ரத்தக்குழாய் இருக்குன்னு படம் வந்துரும்."

"சூடு தெரியுமா?"

"தெரியவே தெரியாது சார்."

"அவருக்கு ஜல்லியே தெரியாதும்மா," என்றாள் மனைவி.

விளக்கை அணைத்தார்கள். விரலின் மேல் ஒரு தண்ணீர்ப் பை போன்ற மெத்தென்ற பகுதியை வைத்தாள். கீச்சுக் குரலில் விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. எனக்குச் சிலிர்த்தது. உடலுக்குள்ளிருந்து என் ரத்தம் முதன்முறையாகப் பேசுகிறது என்று தோன்றியது. அந்த வாக்கியத்தை மனதில் குறித்தும் வைத்தேன்.

"அந்தச் சத்தம் என் விரல்லேருந்து வருதா?"

"இல்ல சார். அது ஏசி. பெல்ட்ட மாத்தணும்னு சொல்லியிருக்கோம்."

திரையில் கறுப்புப் பின்னணியில் வெளிச்சக் கீற்றுகள் தோன்றின. பிரெட்டைத் துண்டு போடுவதுபோல விரலின் ஒரு குறுக்கு வெட்டுத்தான் அது. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து முழுப்படமாக்கக் கணினிக்கு நேரம் பிடிக்கும் என்றாள். எனக்குத் துண்டே போதுமானதாக இருந்தது. நுனி விரலில் பளிச்சென்று ஒரு கீற்று.

"இது நல்லா இருக்கா?"

"சிக்னல் நல்லா வருது சார்," என்றாள் மாணவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிக்னல் நல்லா வருது. அவள் சொன்னது இவ்வளவுதான். பணியில் இருந்தபோது ஒரு நிருபர் இதை வைத்துக்கொண்டு வந்திருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். சிக்னல் என்றால் என்ன? நன்றாக என்றால் யாருக்கு? மருத்துவர் என்ன சொன்னார்? ஏன் அவரிடம் பேசவில்லை? கேட்டுவிட்டு, தாளை மேசைக்கு அப்பால் தள்ளியிருப்பேன்.

ஆட்டோவில் ஏறியதும் போனை எடுத்தேன். பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே சொற்களில் செய்தி போட்டேன்: "விரல் தப்பியது." விழுப்புரத்தில் இருக்கும் தங்கைக்கு, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு, பல் டாக்டருக்குக்கூடச் சொன்னேன். கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டரு ஒண்ணும் சொல்லலையே."

"நான்தான் திரையில பாத்தேனே."

"ஆமா, தரையிலயும் நீங்கதான் பாத்தீங்க."

சாயங்காலம் ஆட்டோ பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். சாலையில் வண்டிகள் போவதை நிறுத்திவிட்ட நேரம். எங்கள் தெருக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னோடு நடக்க வருகிறவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, அதாவது சிப்பாய். அவருக்கு நான் முசே, ஐயா. கடல் ஓரக் கைப்பிடிச் சுவரில் என்னைப் பார்த்ததும் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா முசே, விரலு இன்னா ஆச்சு?"

சொன்னேன். ஒளித்துடிப்பு, ரத்தம் உப்புவது, கேட்காத சத்தம், கணக்கு, படம் எல்லாவற்றையும் சொன்னேன். மாணவி சொன்னதைவிட நீளமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மொத்தத்துல விரலு இருக்கும்."

"இருக்கும்."

"திரேபியேன், ரொம்ப நல்லது," என்று என் முதுகில் தட்டினார். எனக்கும் சேர்த்துச் சுண்டல் வாங்கினார்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து போன். மாணவிதான். "சார், ஒரு தடவ வந்துட்டுப் போவ முடியுமா? திரும்பவும் ஸ்கேன் எடுக்கணும்."

"ஏம்மா?"

"வாங்க சார், காட்டுறேன்."

போனோம். முழுப்படம் திரையில் தயாராக இருந்தது. என் இடது பாதத்தின் முன்பகுதி, மேலிருந்து பார்த்தபடி. பெரிய விரலிலும் மூன்றாவது விரலிலும் மரத்தின் கிளைகள்போல மெல்லிய செந்நிறக் கோடுகள் பிரிந்து போயின. இரண்டாவது விரலில் கிளை இல்லை. விரலைச் சுற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக வளைகோடுகள், பட்டை கட்டியதுபோல. அவற்றின் பக்கத்தில், புறங்காலில், மற்ற எதையும்விடப் பிரகாசமாக, கொம்பும் சுழியுமாக ஒரு உருவம்.

"இது இன்னான்னு எங்களுக்குப் புரியல சார்," என்றாள் மாணவி. "எங்க புரொஃபசரு வடக்கத்திக்காரரு. இப்பிடி ஒரு ரத்தக்குழாய நான் பாத்ததே இல்ல, அபூர்வமான கோளாறா இருக்கும்னு சொன்னாரு. எல்லாரையும் கூப்ட்டுக் காட்டுனாரு. அப்பறம் நான் படத்தத் திருப்பிப் பாத்தேன் சார்."

படத்தைத் திருப்பினாள்.

'வெ.'

"உங்க ரத்தக்குழா தமிழ்ல எழுதியிருக்கு சார்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கறுப்பு நிறம் ரத்தத்தைவிட அதிகமாக வெளிச்சத்தை இழுக்கும், அதனால் அதிகமாகச் சத்தம் போடும் என்று மாணவி விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத அளவு மை வெடிப்புகளில் தங்கியிருந்தாலே போதும். முந்தைய நாள் நான் பார்த்துப் பரவசப்பட்ட அந்தப் பளிச்சென்ற கீற்று என் ரத்தம் அல்ல. என் கையெழுத்து.

"சாயம் இருக்கான்னு கேட்டனே சார்."

"மருதாணின்னு கேட்ட," என்றேன். என் காதுக்கே அது எடுபடவில்லை.

"நான் சொல்ல வந்தேன்மா," என்றாள் மனைவி. "இவரு வுட்டாதானே."

கைப்பையைத் திறந்து நெயில் பாலிஷ் ரிமூவரையும் பஞ்சையும் எடுத்தாள். போன் வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டாளாம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நர்ஸ், "நகத்துக்கு இன்னா கலரு போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். பஞ்சு முதலில் சாம்பல் நிறமாகவும், பிறகு வெள்ளையாகவும் வந்தது. வெள்ளையான பிறகும் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. காயத்தின் ஓரத்தை மட்டும் தொடாமல் சுற்றி வந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா தேவல," என்றாள்.

இரண்டாவது முறை அதே அறை, அதே கண்ணாடி. ஏசி மட்டும் பேசியது. திரையில் முதல் விரலுக்கான கீற்றுகள் வந்தன. மூன்றாவதற்கு வந்தன. இரண்டாவது விரலின் அடியில் கொஞ்சம் வந்தது. கருவி நுனியை நோக்கி நகர நகரக் கறுப்பு. மாணவி பசையை மறுபடி தடவி, மறுபடி எடுத்தாள். சிக்னல் எப்படி வருகிறது என்று நான் கேட்கவில்லை. கருவியில் கோளாறு இருக்கலாம், ஏசி பெல்ட்டையே மாற்றாதவர்கள்தானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பக்கத்து விரல்களை அதே கருவிதான் அவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் மருத்துவர் கூப்பிட்டார். முழுப்படத்தையும் மற்ற சோதனை முடிவுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"விரலோட அடி மூட்டு வரைக்கும் ரத்தம் இருக்கு சார். அதுக்கு மேல நுனிக்குப் போவல. நான் கையால தொட்டுப் பாத்ததும், மத்த டெஸ்டும் இதையேதான் சொல்லுது."

"கொஞ்ச நாளு விட்டுப் பாத்தா?"

"விட்டா பக்கத்து விரலையும் கேக்கும். இப்ப எடுத்தா இந்த ஒண்ணோட போவும். அடியில ரத்தம் நல்லா இருக்கறதால காயம் ஆறும். அது நல்ல செய்தி."

நல்ல செய்தி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

செய்தி தவறினால் மறுப்பு போட வேண்டும். அது தொழிலின் விதி. மறுப்பைச் சின்ன எழுத்தில் உள்பக்கத்தில் போடுவதும் தொழிலின் பழக்கம். வாட்ஸ்அப் குழுவில், ஒருவர் பேத்திக்கு மொட்டையடித்துப் போட்டிருந்த படங்களுக்கு நடுவில், "முந்தைய தகவலில் சிறு திருத்தம்" என்று தொடங்கி எழுதினேன். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முந்தைய செய்திக்கே இன்னும் பூங்கொத்து வந்துகொண்டிருந்தது.

சொல்தாவிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலம் அதே சுவர். படகுகள் வைத்திக்குப்பம் பக்கம் கரையேறிக்கொண்டிருந்தன.

"நேத்து சொன்னது தப்பு," என்றேன். "விரல எடுக்கறாங்க."

அவர் என் காலைப் பார்த்தார். "நேத்து அவ்ளோ நேரம் சொன்னியே முசே, வெளிச்சம் சத்தம்னு."

"வெளிச்சமும் சத்தமும் சரிதான். படிச்சவன்தான் தப்பாப் படிச்சிட்டான்."

"நேத்து மொதப் பக்கத்துல போட்ட. இன்னிக்கு எத்தனாம் பக்கம்?"

"கடைசிப் பக்கம். வரி விளம்பரத்துக்குக் கீழ."

சிரித்தார். ஆனால் சுண்டல் வாங்கவில்லை. நான் எழுந்தபோது முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவரை வந்தார். ஆட்டோக்காரரிடம், "மெதுவா போ, கால்ல கட்டு," என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த முதல் படத்தை ஆராய்ச்சிக் குழு வைத்துக்கொள்ளலாமா என்று மாணவி பிறகு கேட்டாள். பெயர் இருக்காது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு, ஸ்கேனுக்கு முன் தோலை எப்படித் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்போது காட்டுவார்களாம். சரி என்றேன். இத்தனை வருடம் எழுதியதில் வேறு எதையும் யாரும் பாடமாக வைத்ததில்லை. எழுத்து இன்னும் கொஞ்சம் அழகாக இருந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. 'வெ'யின் கொம்பு கோணலாக இருந்தது.

மார்க்கரை மனைவி எடுத்து மசாலா டப்பாக்களில் பெயர் எழுதிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை விரலை எடுத்தார்கள்.